வீட்டில் கூடும் சபை: ஒரு தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. நெல்லைப் பக்கத்திலிருந்து கனடாவுக்குப் படிக்க வந்து, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் நாலு பையன்களோடு தங்கி, ராத்திரியில் வேர்ஹவுஸ் வேலை பார்க்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு சர்ச்சுக்கு வா என்று சொல்லி ஒரு வீட்டு முகவரியைத் தந்திருக்கிறார். கோபுரம் இல்லை, மணி இல்லை, அங்கி போட்ட ஐயர் இல்லை, இதை எப்படி சபை என்று சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவிடம் போனில் சொன்னதற்கு, "அது என்ன கூட்டமோ, பாத்துப் போ" என்றார்களாம். இதே கேள்வியோடு இந்த ஊரில் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் உங்களுக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

போய்விட்டு வாருங்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நான் போன கதையைச் சொல்லவேண்டும். அதில் நான் தலைகுனிந்த இடமும் ஒன்று உண்டு. அதையும் மறைக்கப்போவதில்லை.

நான் முதன்முதலில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனது ஒரு பிப்ரவரி மாதம். கென்னடி ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து, லாரன்ஸ் அவென்யூவில் இறங்கி, பனி குவிந்த ஒரு சின்னத் தெருவில் வீட்டு நம்பரைத் தேடி நடந்தேன். கையில் எலுமிச்சைச் சாதம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று காலையிலேயே கிளறி, பாத்திரத்தைத் துண்டில் சுற்றிக் கட்டியிருந்தேன். பழைய ஒற்றை மாடி வீடு. சபை என்பதற்கு வெளியே ஒரு அடையாளமும் இல்லை. கதவைத் திறந்ததும் வாசலில் கிடந்த செருப்புக் குவியல்தான் முதல் அடையாளம். பனி பூட்ஸ்கள், வேலைக்குப் போடும் இரும்பு முனை பூட்ஸ், குழந்தைகளின் சின்ன பூட்ஸ், எல்லாம் சேறும் உப்புமாக ஒன்றின்மேல் ஒன்று. ஒரு பழைய கம்பளத்தில் பனி உருகி ஊறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். அந்த ஒன்று பழகினதாக இருந்ததில் பாதிப் பயம் போய்விட்டது.

வீட்டுக்காரி ஒரு ஜமைக்கா அம்மா. புருஷன் இறந்துபோனவர். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, இருக்கிற நாற்காலிகளையெல்லாம் வட்டமாகப் போட்டிருந்தார். பியானோ வாசிக்கிறவர் உட்காரும் ஸ்டூல், தோட்டத்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குளிர்பெட்டி, அதன்மேல் ஒரு தலையணை. அன்று பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினேழு பேர். பிலிப்பைன்ஸ் குடும்பம் ஒன்று, ஈரானிலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவருடைய வயதான அப்பாவும், நைஜீரியாவின் ஏனுகுவிலிருந்து வந்த இக்போ டாக்ஸி டிரைவர், சீனாவிலிருந்து வந்த இளம் தம்பதி, இன்னும் சிலர். தமிழ் ஆள் நான் ஒருத்திதான்.

பாட்டு, வேதவாசிப்பு, பேச்சு, ஜெபம், அப்பம், சாப்பாடு என்று மூன்று மணி நேரம் ஓடியது. பிரசங்கம் செய்தவர் யார் என்று நீங்கள் கேட்டால் என்னால் சொல்லமுடியாது. பிலிப்பைன்ஸ்காரர் பேச ஆரம்பித்தார். நடுவில் சீனப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு ஈரான் தாத்தா பாரசீகத்தில் பதில் சொல்ல, மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அது முதலில் ஒழுங்கில்லாததாகத்தான் பட்டது. முப்பது வருஷம் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து, எழும்பு என்றால் எழும்பி, உட்கார் என்றால் உட்கார்ந்து பழகினவள் நான்.

அந்த வீட்டில் எழுதிவைக்காத ஒரு சட்டம் இருந்தது. யாரும் தன் தாய்மொழியில் ஜெபிக்கலாம், பேசலாம். ஆனால் பேசினது என்ன என்று மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிடவேண்டும். சொல்ல முடியாவிட்டால் மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதினாலாம் அதிகாரத்திலிருந்து ஜமைக்கா அம்மா எடுத்துக்கொண்ட சட்டம் அது. பவுல் அங்கே அந்நியபாஷை வரத்தைப் பற்றிப் பேசுகிறார். இந்த அம்மா அதை அன்றாடப் பேச்சுக்கும் சேர்த்து வைத்துவிட்டார். இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, பின்னால் என்னை இதுதான் பிடித்தது.

கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொன்னோம். ஆங்கிலம் முதலில் முடிந்தது. பிறகு சீனம், பிலிப்பைன்ஸ்காரர்களின் தகாலோக். நான் வழக்கமான வேகத்தில் சொல்லி முடித்தேன். ஈரான் தாத்தா மட்டும் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை, அசையவும் இல்லை. அவர் முடிக்கும்வரை பதினாறு பேரும் காத்திருந்து அப்புறம்தான் ஆமென் சொன்னோம். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் எந்த ஆலயத்திலும் ஒரு ஆளுக்காகச் சபை அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஈரான் அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் பாடும்போது உதடு அசையும், சத்தம் வராது. தொண்டை சரியில்லையோ என்றுதான் நினைத்தேன். பல வாரம் கழித்துச் சொன்னார். ஈரானில் ஆர்மீனியருக்கும் அசிரியருக்கும் ஆலயங்கள் உண்டு, அவர்கள் மொழியில் ஆராதனை நடத்தலாம். பாரசீகத்தில் ஆராதனை நடத்தத்தான் விடமாட்டார்கள். அது இஸ்லாத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடும் என்பதால். தெஹ்ரானில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையின் மத்திய ஆலயத்தை 2013-இல் மூடவைத்தார்கள். இப்படி ஆலயம் இல்லாமல் போனவர்கள் வீடுகளில் கூடினார்கள். பிடிபட்டால் சிறை. இவர் போன வீட்டில் ஜன்னலை அடைத்து, போன்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி மூச்சிலேயே பாடுவார்களாம். இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்தத் தொண்டை திறக்கவில்லை.

அதே அறையில் ஏனுகுக்காரர். அவர் ஜெபித்தால் கண்ணாடி டம்ளர் அதிரும். கையைத் தட்டி, காலை உதைத்து, வானத்தைப் பிளக்கிற சத்தம். முதல் வாரம் அவர் அப்படி ஜெபித்தபோது ஈரான் அம்மா வெடுக்கென்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். ஏனுகுக்காரரும் பார்த்திருக்கிறார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவர் அந்த அம்மாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜெபிக்கும்போது முஷ்டியை இறுக்கி, வாயை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, சத்தமில்லாமல் ஜெபித்தார். பல மாதம் அப்படித்தான். ஒரு ஈஸ்டர் அன்று ஈரான் அம்மாவே அவரிடம், "இன்றைக்கு நீங்கள் சத்தமாக ஜெபியுங்கள், எனக்குக் கேட்கவேண்டும்" என்றார்.

இதை எந்தப் பெரிய ஆலயத்தில் செய்யமுடியும்? ஐந்நூறு பேர் கூடுகிற இடத்தில் ஒருத்தி ஜன்னலைத் திரும்பிப் பார்த்ததை யார் கவனிப்பார்கள்? நீங்கள் கேட்ட கோபுரத்துக்கும் மணிக்கும் நான் விரோதி இல்லை. எங்கள் ஊர் மணி அடித்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் கோபுரம் வந்தது பின்னால். புதிய ஏற்பாட்டை எடுத்துப் பாருங்கள். ரோமில் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டில் சபை. கொலோசெயில் பிலேமோன் வீட்டில், லவோதிக்கேயாவில் நிம்பா வீட்டில் சபை. பிலிப்பியில் இரத்தாம்பரம் விற்ற லீதியாள் வீட்டில், எருசலேமில் மாற்கின் தாய் மரியாள் வீட்டில் கூடினார்கள். பேதுரு சிறையிலிருந்து தப்பி வந்து கதவைத் தட்டினபோது, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடினாளே ரோதை, அது அந்த மரியாள் வீட்டு வாசலில்தான். ரோமப் பேரரசில் 313-க்குப் பிறகுதான் கிறிஸ்தவர்கள் பயமில்லாமல் பெரிய ஆலயங்களைக் கட்டத் தொடங்கினார்கள்.

பலதரப்பட்ட ஆட்கள் என்பதும் புதிதில்லை. கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கிய அந்தியோகியா சபையில் போதகர்களின் பெயரைப் பாருங்கள்: சைப்ரஸ் தீவுக்காரர் பர்னபா, கறுப்பர் என்று பொருள்படும் நீகர் என்ற பட்டப்பெயர் கொண்ட சிமியோன், வட ஆப்பிரிக்காவில் உள்ள சிரேனே ஊர் லூகி, ஏரோது அரசனோடு வளர்ந்த மனாயீன், தர்சு பட்டணத்துச் சவுல். அரண்மனைப் பிள்ளையும் கூடாரம் தைக்கிற சவுலும் ஒரே பட்டியலில்.

சிரியாவில் யூப்ரத்தேஸ் நதிக்கரையில் தூரா எவ்ரோபோஸ் என்று ஒரு கோட்டை நகரம் இருந்தது. 256 வாக்கில் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது, நகரத்தைக் காத்தவர்கள் கோட்டை மதிலைப் பலப்படுத்த அதை ஒட்டிய தெருவையும் வீடுகளையும் மண்போட்டு மூடினார்கள். நகரம் விழுந்தது, மண்ணுக்குள் இருந்த வீடுகள் பிழைத்தன. 1930-களில் யேல் பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சுக்காரர்களும் தோண்டியபோது அதில் ஒரு வீட்டுச் சபை கிடைத்தது. இன்றுவரை கண்டெடுத்தவற்றில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள சாதாரண வீடு. ஒரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன், படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் திமிர்வாதக்காரன். அந்த ஓவியங்கள் இப்போது அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்து யேல் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அந்த வீட்டைச் சபையாக மாற்றும்போது, 240 வாக்கில், அவர்கள் கட்டடத்தில் செய்த முக்கியமான வேலை ஒன்று உண்டு. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வடக்கன்குளம்தான் ஞாபகத்துக்கு வந்தது. உங்கள் ஊரிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம், கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே 1872 வாக்கில் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தில், ஒரே பீடத்தைப் பார்த்தபடி இரண்டு பக்கமாகப் பிரியும் இரண்டு மண்டபங்கள் வைத்தார்கள். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றவர்கள், நடுவில் தடுப்பு. 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்துச் சிலர் கோர்ட்டு வரைக்கும் போனார்கள். நம்முடைய புராட்டஸ்டன்ட் பக்கமும் யோக்கியமில்லை. தரங்கம்பாடியில் தொடக்கத்திலிருந்தே சாதிப்படிதான் உட்கார்ந்தார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஆலயத்தை விட்டே போகத் துணிந்தவர்கள் உண்டு.

என் சிறுவயதில் எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருதரம் அசனப் பண்டிகை. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆலயத்துக்குப் பின்னால் குழிவெட்டி அடுப்பு, ஆள் உயர அண்டா, விடிய விடிய வேகும் ஆட்டுக்கறி, பந்தி பந்தியாகச் சோறு. பெரிய சந்தோஷம் அது. ஆனால் சில தெருக்காரர்கள் எப்போதும் கடைசிப் பந்திக்குத்தான் வருவார்கள். அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்கும்போதுதான் அவர்கள் உட்காருவார்கள். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கொரிந்து சபையிலும் இதே கதைதான். வசதிக்காரர்கள் முன்னதாக வந்து சாப்பிட்டு முடிக்க, வேலை முடிந்து பிந்தி வருகிறவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் அவர்களைக் கண்டித்தது ஒருவருக்காக ஒருவர் காத்திராமல் போனதற்குத்தான். அந்தக் கண்டிப்பு உள்ள அதிகாரத்தைத் திருவிருந்து அன்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அண்டாச் சத்தத்தோடு அதைச் சேர்த்து யோசிக்க எனக்கு லாரன்ஸ் அவென்யூ வரை வரவேண்டியிருந்தது.

ஜமைக்கா அம்மா வீட்டில் அப்பம் பிட்டது அவர் அன்று காலை சுட்ட கெட்டியான வெள்ளை ரொட்டியில். பக்கத்தில் இருக்கிறவருக்குப் பிட்டுக் கொடுத்து, அவர் அடுத்தவருக்குக் கொடுத்து, வட்டம் சுற்றியது. அப்புறம் சாப்பாடு. ராஜ்மா போட்ட ஜமைக்காச் சோறு, பிலிப்பைன்ஸ் நூடுல்ஸ், ஈரானின் கீரைக் குழம்பு, ஜொலோஃப் சாதம். வேலையிலிருந்து நேரே வரும் இரண்டு பேருக்காக முக்கால் மணி நேரம் மூடி திறக்காமலே வைத்திருந்தார்கள். ஆறியதை மறுபடி சூடாக்கினார்கள். அந்த ஆறின சோற்றைத்தான் நான் சபைக்கு அடையாளம் என்று சொல்வேன்.

என் எலுமிச்சைச் சாதத்தைத் திறந்தபோது பிலிப்பைன்ஸ் தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இதில் வேர்க்கடலை இருக்கிறதா?" என்று கேட்டார். நிறையவே போட்டுத் தாளித்திருந்தேன். அவருடைய நாலு வயது மகனுக்கு வேர்க்கடலை ஆகாது, ஒன்று வாயில் போனாலும் ஆஸ்பத்திரிதான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பாத்திரத்தை மூடி வெளியே பனியில் வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்.

இனி நான் தலைகுனிந்த இடம்.

அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்ததில் எனக்கு ஒரு பெரிய நிம்மதி இருந்தது. இந்த ஊரில் தமிழர்களுக்குக் குறைவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள், பின்னால் நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், தமிழ்ச் சபைகளும் பல. அங்கே போனால் பேர் கேட்பார்கள், அப்பா பேர் கேட்பார்கள், அப்புறம் ஊர். இது எதற்குப் போகிற கேள்வி என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். லாரன்ஸ் அவென்யூ வீட்டில் என் ஊரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. நான் சாதியை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தமிழ்த் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. அந்த அறையில் முதல்முறையாகத் தமிழ் பேச ஆள். சாப்பாடு முடிந்து ஈரான் அம்மா எல்லாருக்கும் கட்டஞ்சாயா ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பெண்ணிடம், "ஒங்களுக்குச் சொந்த ஊரு எது?" என்றேன். சொன்னாள். எனக்குத் தெரிந்த ஊர்தான். உடனே அடுத்த கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்தது.

"அங்க எந்தத் தெரு?"

அவள் கையில் இருந்த டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. சூடான டம்ளரை விரல் மாற்றிப் பிடிக்கவும் இல்லை. என்னைப் பார்த்து மெதுவாக, "அதெல்லாம் வேண்டாம்னுதான் அக்கா இங்க வந்தோம்" என்றாள். அவள் புருஷன் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஜமைக்கா அம்மா எதிரில் இருந்தார். முகங்கள் மாறினதைப் பார்த்துவிட்டார். வீட்டுச் சட்டப்படி என்னிடம், "என்ன கேட்டாய், எங்களுக்கும் சொல்" என்றார்.

நான் கேட்டதை எப்படி மொழிபெயர்ப்பது தம்பி? எந்தத் தெரு என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்கும் ஒரு குற்றமும் தெரிந்திருக்காது. அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருக்கும், நான் பொய் சொல்கிறேன் என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னேன்: "அவர்கள் என்ன சாதி என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன்." சாதி என்றால் என்ன என்று சீனத் தம்பி கேட்டார். விளக்கவேண்டியதாயிற்று. அசனப் பந்தியைச் சொன்னேன், கடைசிப் பந்தியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு அசிங்கம் என்று ஆங்கிலத்தில்தான் தெரிந்தது.

முதலில் பேசினவர் ஏனுகுக்காரர். அவருடைய இக்போ ஜனங்களிடத்திலும் ஓசு என்று ஒரு கூட்டத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கம் உண்டாம். பழங்காலத்தில் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களும் அவர்கள் வம்சமும். கிழக்கு நைஜீரியாவில் 1956-இலேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். இன்னமும் கல்யாணப் பேச்சு எடுத்தால் ரகசியமாக விசாரிக்கிறார்கள் என்றார். "என் அக்காவின் கல்யாணம் அதனால்தான் நின்றுபோனது. நிறுத்தியவர் என் அப்பா. அவர் சபையில் மூப்பர்" என்றார். அதற்கு மேல் அன்று யாரும் பேசவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அந்தத் தம்பதி வரவில்லை. நான் போன் செய்து கேட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். மூன்றாவது ஞாயிறு வந்தார்கள். அவர்கள் எந்தத் தெரு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நீங்களும் நெல்லைப் பிள்ளை. உங்களிடமும் யாராவது கேட்பார்கள், உங்கள் வாயிலும் அந்தக் கேள்வி ஒருநாள் வரும். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும், அது வெறும் பயம் இல்லை. சின்னச் சபையில் அன்பு பெருகுவது போலவே அதிகாரமும் பெருகும். கேட்பார் இருக்கமாட்டார்கள். ஒரே ஆள் பேசி, ஒரே ஆள் பணத்தை வைத்திருந்து, அவரைக் கேள்வி கேட்டால் விசுவாசக்குறைவு என்று சொல்கிற இடமாக இருந்தால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். பணத்தைப் பற்றி நேராகவே கேளுங்கள். கனடாவில் பதிவு செய்த அறநிறுவனமாக இருந்தால்தான் வருமான வரிக்கு ரசீது தரமுடியும். அப்படிப் பதிவு செய்ததன் ஆண்டுக் கணக்கை வருவாய்த்துறைப் பட்டியலில் யாரும் பார்க்கலாம். வீட்டுச் சபைகள் பலவும் பதிவு செய்வதில்லை, அது குற்றமில்லை. ஜமைக்கா அம்மா வீட்டில் ஒரு பிஸ்கட் டின். மாதக்கடைசியில் எல்லார் முன்னாலும் எண்ணி, யார் வீட்டு வாடகைக்கு, எந்த அகதிக் குடும்பத்தின் குளிர்கோட்டுக்கு என்று அங்கேயே முடிவு செய்வார்கள். பிள்ளைகளைத் தனியாக அழைத்துப்போய்ப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் போலீஸ் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்றும் கேட்கலாம். நல்ல சபை கோபப்படாது.

இன்னொன்று. குழந்தையில் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி எடு என்று சில இடங்களில் சொல்வார்கள். அம்மா பயப்படுவது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும். அது ஐந்நூறு வருஷத்து வழக்கு. 1525 ஜனவரியில் சூரிக் நகரத்தில் ஒரு வீட்டில் கூடியவர்கள்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள். அதற்காகத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் உயிரைக் கொடுத்த விஷயத்தை நான் லேசாகப் பேசமாட்டேன். ஆனால் வந்த முதல் மாதத்திலேயே, இன்னும் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒருவர் உங்களைத் தண்ணீருக்கு அவசரப்படுத்தினால், நிதானியுங்கள். ஊருக்குப் போன் செய்து உங்கள் ஐயரிடம் பேசுங்கள். சி.எஸ்.ஐ. பிள்ளையாக இருந்துகொண்டே இப்படி ஒரு வீட்டுச் சபையில் உட்காரலாம். நான் அப்படித்தான் இருக்கிறேன். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் தமிழ் ஆராதனைக்குப் போய்ப் பாமாலை பாடிவிட்டு, சாயங்காலம் லாரன்ஸ் அவென்யூ வீட்டுக்கு வருவேன்.

இந்த ஞாயிறு போங்கள். வேலை முடிந்து தூங்காமல் போவீர்கள் என்று தெரியும். அங்கே சோபாவில் கண் அயர்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். உங்கள் முறை வரும்போது வேதத்தைத் தமிழில் வாசியுங்கள். தமிழ் அந்த அறையில் கேட்கட்டும். வாசித்தது என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

கையில் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோவதாக இருந்தால், வேர்க்கடலை போடாதீர்கள். அதே வீடாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடுகும் கறிவேப்பிலையும் போதும்.

அன்புடன்,
உங்கள் அக்கா